வாலாஜாபாத் கேட்டிலிருந்து திரும்பும் வழி

காஞ்சிபுரம்,
8-1-1968

சிரஞ்சீவி கோதண்டபாணிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைப் பற்றி நீயே நான்கு பக்கம் புலம்பிவிட்டபடியால் விசாரிக்க ஒன்றும் மிச்சமில்லை. உன் தங்கை கலாவதி தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். இரட்டைக் குழந்தை என்று லேடி டாக்டர் சொன்னதற்கு, அப்படியா என்று கேட்டுவிட்டு இன்னொரு தோசை சாப்பிட்டாள்.

மூன்று மாரத்தான் பந்தயங்களிலும் முன்வரிசையில் ஓடி, பாதித் தூரத்தில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றித் திரும்பிய சற்று நேரத்தில் கால் மரத்துப்போய், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறிக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். உடம்பில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்ல, இது மனத்தடை என்று உன் கோச் சொல்ல, நீயும் அந்த வார்த்தையை ஏதோ பட்டம் வாங்கியவன் போல அடிக்கோடிட்டு அனுப்பியிருக்கிறாய். நான் மனோதத்துவம் படித்து பி.ஏ. தேறியவள், சொகுசுக்கு இத்தனை மரியாதையான பெயர் எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கவில்லை. அடுத்த மாதப் பந்தயத்தையும் முடிக்காவிட்டால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்கள், அதற்குமுன் நானே விலகிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாய். கேட்ட கையோடு, அப்பா வந்து அந்தத் திரும்பும் கொடியருகே நின்றால் தைரியமாக இருக்கும் என்று ஒரு வரி வேறு.

அந்த வரியைப் படித்ததும் உன் அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே ஹௌரா மெயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். மறுநாள் சைக்கிள் கடை லியாகத் அலி வாசலில் வந்து நின்று, "ஏம்மா, ஐயா சைக்கிள பார்சல் கட்டச் சொல்றாரு, ரயில்ல ஏத்தணுமாம். கல்கத்தா பக்கம் சைக்கிளே கெடையாதாம்மா?" என்று கேட்டார். நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். "புள்ள பாதியில நின்னுட்டான்னா யாரு பின்னால உக்கார வெச்சி இட்டுக்கினு வர்றது?" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். உன் வியாதி எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பள்ளிக்கூட நாட்களில் நீ விடியற்காலையில் வாலாஜாபாத் ரயில்வே கேட் வரை ஓடுவாய், ஊரும் மெச்சும். அங்கே உன் அப்பா கோலி சோடாவோடு காத்திருந்து, மகாராஜாவைக் கேரியரில் ஏற்றி வீடு கொண்டுவந்து சேர்ப்பார். ஒரு நாளாவது திரும்பி ஓடி வந்ததுண்டா? போவதற்கு மட்டுமே பழகிய கால், கொடியைக் கண்டதும் சோடாவையும் கேரியரையும் தேடுகிறது. ஆம்புலன்ஸ் உனக்கு நான்கு சக்கரமுள்ள அப்பா, அவ்வளவுதான். இதற்கு ஒரு கோச், ஒரு டாக்டர், நான்கு பக்கக் கடிதம்!

இனி அங்கே ஊருக்கு வெளியே வெகுதூரம் பஸ்ஸில் போய் இறங்கு, திரும்புவதற்குச் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்ளாதே, நீ தங்கியிருக்கும் இடத்துக்கு ஓடியே திரும்பு. நண்பர் எவரும் சைக்கிளில் கூட வரக்கூடாது. பாதி வழியில் மனம் ஆயிரம் சாக்குச் சொல்லும். சொல்லட்டும், நீ பதில் பேசாமல் ஓடு.

சைக்கிள் இங்கேயே இருக்கும். கேரியரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். "அம்மா சொன்னா கயட்டிட வேண்டியதுதான், ஐயா என்னைத் தேடிக்கினு வந்தா நான் ஊர்லயே இல்லம்மா" என்று லியாகத் அலி ஸ்பானரை எடுத்தார். உன் அப்பா மட்டும் வருவார். ஆனால் கொடியருகே நிற்கமாட்டார், ஓட்டம் முடியும் இடத்தில்தான் நிற்பார். வரதர் சன்னிதியில் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடும் என்று நீதான் எழுதியிருக்கிறாய், ஆகவே அதில் ஏறினால் அவரைப் பார்க்கமாட்டாய். அவருக்கு வெயில் ஆகாது. நீ வந்து சேரும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் மாட்டார், எத்தனை நேரமானாலும். ஓட முடியாவிட்டால் நட.

தீர்க்காயுசாக இரு. எலுமிச்சை ஊறுகாய் அவர் பையில் வரும். பந்தயம் முடிந்த பிறகு அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரேணுகாம்பாள்