நாலாவது ஓட்டு

அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: நீ புளியங்குடிக்கு வாக்கப்பட்டது ஜாதகத்தால் அல்ல, ஒரு மோட்டார் சைக்கிளால். இன்று காலை பக்கத்து வீட்டுப் பையன் வண்டியை உதைக்க, பெட்ரோல் வாடை ஜன்னல் வழியே வந்தது. காபியை வைத்துவிட்டு உன்னிடம் பேச உட்கார்ந்தேன்.

தேர்தல் நடந்து எமர்ஜென்சி முடிந்த மாதம். உன் அப்பா, என் பெரியப்பா, காலமாகிவிட்டதால், உன் கல்யாணத்தை முடிவு செய்ய நம் மாமன்மார் மூன்று பேரும் சங்கரன்கோவில் வீட்டுக் கூடமான பட்டாசாலையில் கூடினார்கள். மாப்பிள்ளைகளும் ஊருக்கு ஒருவராக மூன்று பேர். பெரிய மாமாவுக்குச் சிவகிரி, அடுத்து புளியங்குடி, கடைசியில் இளையரசனேந்தல். நடு மாமாவுக்குப் புளியங்குடி, இளையரசனேந்தல், சிவகிரி. சின்ன மாமாவுக்கு இளையரசனேந்தல், சிவகிரி, புளியங்குடி. எந்த ஊரைச் சொன்னாலும் இரண்டு பேர் வேறோர் ஊருக்குக் கை தூக்கினார்கள். மத்தியானச் சோறு ஆறிப்போயிற்று.

"ஏலே, நீ காலேஜில கணக்குதான படிக்கே. ஒரு வழி சொல்லு" என்றார் பெரிய மாமா.

இப்படி வட்டமாகச் சுற்றினால், யாரை முதலில் மோதவிடுகிறோமோ அதில்தான் முடிவு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். புளியங்குடி மாப்பிள்ளையான எலுமிச்சை வியாபாரியிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது என்பதும் தெரியும். சிவகிரியையும் இளையரசனேந்தலையும் முதலில் மோதவிட்டேன், சிவகிரி விழுந்தது. ஜெயித்த இளையரசனேந்தலோடு புளியங்குடியை விட்டேன், புளியங்குடி ஜெயித்தது. சிவகிரியோடு மோதியிருந்தால் புளியங்குடி தோற்றிருக்கும். ஆனால் சிவகிரிதான் ஏற்கெனவே வெளியே போய்விட்டதே. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்வே" என்று மாமன்மார் இலைக்கு எழுந்தார்கள்.

நீ அடுக்களையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாய். நகத்தில் ஓட்டு மை இன்னும் போகவில்லை.

"டெல்லிக்கு ஆள் அனுப்ப என்கிட்ட கேட்டாவ. என்னைய அனுப்ப என்கிட்ட கேக்கலியேலே, கணக்குப்புலி."

நான் சிரித்தேன். நல்ல ஜோக் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

அத்தான் கெட்டவர் இல்லை. கேட்டவுடன் சாவியைக் கொடுப்பார். எலுமிச்சைக் குவியலுக்குள் வண்டியை விட்டபோதுகூட என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் பேசாத மனிதர் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டில் உன் வாயும் அடங்கிப்போயிற்று. நான் வந்தால் மட்டும், "வண்டியப் பாக்க வந்தியா, என்னையப் பாக்க வந்தியா?" என்பாய்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த பிறகு அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நாலாவதாக உன் ஓட்டு விழுந்திருந்தால், நீ யாரைச் சொன்னாயோ அவரைத் தோற்கடிக்க ஆளில்லை: ஒருவரிடம் சமம், மற்றவரிடம் ஜெயம். வட்டம் அங்கேயே அறுந்திருக்கும். இப்போதெல்லாம் எந்த வீட்டில் நாலு பேர் கூடிப் பேசினாலும் என் கண் அடுக்களைப் பக்கம் போகிறது.

அந்த மூன்று பேரில் உனக்கு யாரைப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. நீ இருந்த அத்தனை வருஷத்திலும் நான் கேட்கவில்லை.