ரோமில் நீ நடந்த இரண்டு மணித்தியாலம்

என் ஆசை அண்ணா,

நான் ரோமுக்குப் போய் வந்துவிட்டேன். நீ கூப்பிட்டபோது வரவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள், நீ கண்ணை மூடி இரண்டு வருடம் கழிந்த பிறகு போய் வந்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உன் மகள் அபிதான் கூட்டிக்கொண்டு போனாள். கிளேட்டனில் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்த கையோடு ஒரு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "மாமி, ரெண்டு டிக்கெட் புக் பண்ணிட்டன். நீங்கள் நோ சொல்லக் கூடாது" என்றாள். ஏன் ரோம் என்று கேட்டேன். "அப்பா சொன்னவர்" என்றாள். நான் உள்ளே போய்ப் பாஸ்போர்ட்டைத் தேடத் தொடங்கினேன்.

எண்பத்தைந்தில் நாங்கள் அந்த நகரத்தில் இருந்த இரண்டரை மாதத்தையும் நான் நகரமாக நினைத்ததே இல்லை. எனக்கு அது ஒரு அறை. கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று, இலங்கைச் சண்டையிலிருந்து எங்களைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு காணாமல் போய்விட்டான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஐந்தாம் மாடியில், ஊரிலிருந்து வந்த வேறு நாலு பேரோடு ஒளிந்துகிடந்தோம். ஜன்னலைத் திறந்தால் எதிரே மஞ்சள் சுவர், கீழே முற்றம், கொடியில் யாருடையவோ உடுப்புகள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ரோம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. "பொலிஸ் பிடிச்சால் திருப்பி அனுப்பிப்போடுவான், நீ வெளிய வரக் கூடாது" என்று நீ சொன்னாய். நானும் வரவில்லை.

நீ மட்டும் வெளியே போனாய். சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவினாய். காலையில் போனால் பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்புவாய். வரும்போது பாணும் சில நாள் ஒரு தோடம்பழமும் கொண்டு வருவாய். ஐந்து மணிக்குப் படியில் உன் காலடி கேட்கும்வரை நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்ததை நீ அறிவாயா? நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீயும் ஒருநாளும் கேட்கவில்லை.

பிறகு அவுஸ்திரேலியாவில் இருந்த மாமா ஸ்பொன்சர் பண்ணி, மெல்பேர்ன் வந்து, உனக்கு ஃபேக்டரி, எனக்கு நேர்ஸிங் ஹோம் என்று காலம் ஓடிவிட்டது. இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோவிலில் உன் வீட்டு மேசையில் சுற்றுலாப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்தாய்.

"வா, ரெண்டு பேரும் ஒருக்காப் போட்டு வருவம்."

"எனக்கு அந்த ஊர் வேண்டாம். அந்தச் சுவரை இன்னொருக்காப் பாக்க என்னால ஏலாது."

"எனக்காக இல்லையடி. நீ பாக்க வேணும்."

"நீங்கள் குடும்பத்தோட போங்கோ. என்னை விடுங்கோ" என்று, கோபம் வந்தால் மட்டும் உனக்குப் போடும் மரியாதையைப் போட்டேன். நீ புத்தகத்தை மூடினாய். அடுத்த வருடம் நோய் வந்தது. அதன் பிறகு நீ ரோமைப் பற்றி என்னோடு பேசவே இல்லை.

விமான நிலையத்தில் என்ன நடந்தது தெரியுமா? ரோமில் இறங்கி வரிசைக்கு வந்தோம். அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட், திரும்பிப் போகும் டிக்கெட், ஹோட்டல் கடிதம் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முத்திரையைக் குத்தித் தள்ளிவிட்டான். "மாமி, ஆர் யூ ஓகே?" என்று அபி கேட்டாள். அவன் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம் என்று நான் ஏன் அழுதேனோ தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்தத் தெருவுக்குப் போனோம். எங்கள் கட்டடம் இப்போது சின்ன ஹோட்டல். வாசலில் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். மேலே போய்ப் பார்க்கிறீர்களா என்று அபி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் தோள்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். அதில் அவளுடைய எழுத்தில் ஏதோ வழி எழுதியிருந்தது.

"மாமி, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். ப்ளீஸ், கோவிக்காதேங்கோ. அப்பாவுக்கு வேலை முடியிறது மூண்டு மணிக்கு. அஞ்சு மணிக்கு இல்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ரெண்டு மணித்தியாலம் ஒவ்வொரு நாளும் இந்த ஊரைச் சுத்திப் பாத்தவராம். நீங்கள் அறைக்குள்ள இருக்க, தான் மட்டும் பாத்ததை உங்களுக்குச் சொல்ல வெக்கமாம். ஹொஸ்பிட்டல்ல எனக்கு எல்லா ரூட்டும் சொல்லி எழுதச் சொன்னவர். மாமியை நடத்திக் கூட்டிக்கொண்டு போ எண்டு சொன்னவர்."

அண்ணா, நான் நெகிழ்ந்துபோனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு வந்தது கோபம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, பொலிஸ் உன்னைப் பிடித்துவிட்டதோ என்று செத்துச் செத்துப் பிழைத்த நேரத்தில் நீ வாய் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறாய்! நடுத்தெருவில் நின்று, "பொய்க்காரன்! உன்ர அப்பா பெரிய பொய்க்காரன்!" என்று சத்தம் போட்டேன். பாவம் அபி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்பி நடந்தாள். நானும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

நீ சொன்ன வழியெல்லாம் நடந்தோம். தண்ணீர் கொட்டும் குதிரைச் சிலைகள், கல் பாவிய சந்துகள், உடைந்த தூண்கள். கடைசியில் பாந்தியன் என்ற அந்தப் பழைய கோயில். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத்துக் கட்டடம். கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு. நாங்கள் உள்ளே போகவும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வட்டத்தின் வழியாக மழை நேரே பளிங்குத் தரையில் இறங்கியது. சனம் சுற்றிவர நின்று அண்ணாந்து பார்த்தது.

"அப்பா மழை நாளில கட்டாயம் இஞ்ச வந்திடுவாராம். கோப்பை கழுவின கையைக் காய விடாமல், இதில நிண்டு இந்த மழையைப் பிடிக்கிறவராம்" என்றாள் அபி.

அதோடு என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. உனக்கு அன்றைக்கு வயது இருபத்துநாலு. வீட்டை விட்டு, படிப்பை விட்டு, ஒரு தங்கச்சியைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளை நீ. அந்த இரண்டு மணித்தியாலம் இல்லாவிட்டால் நீ என்ன ஆகியிருப்பாய்? அந்த மழையை நீ பார்த்திராவிட்டால் எங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருப்பாயா? நானும் கையை நீட்டினேன். காவலாளி கயிற்றுக்கு அப்பால் போகாதே என்று சைகை காட்டினான். அபி அவனைப் பார்த்துக் கும்பிட்டாள். அவன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ என்னிடமே சொல்லியிருக்கலாமே? நான் திட்டியிருப்பேன், ஒரு கிழமை பேசாமல் இருந்திருப்பேன், பிறகு வந்திருப்பேன். நாம் இரண்டு பேரும் அந்த வட்டத்துக்குக் கீழே நின்றிருப்போம். இப்போது யாரிடம் கோபித்து, யாரோடு சமாதானமாவது?

உன் வீட்டுச் செய்தியும் சொல்ல வேண்டும். அபிக்கு வேலை கிடைத்துவிட்டது. அண்ணி சுகமாக இருக்கிறா, முழங்கால் வலிதான். நீ இந்தக் கதையை அண்ணிக்கும் சொல்லவில்லையாம். சொன்னால் என் காதுக்கு வந்துவிடும் என்று பயமாம். உன் செத்தவீடு முடிந்த கிழமை குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு அண்ணி என்னிடம் கேட்டா, "சாந்தி, கலியாணத்துக்கு முதல் உங்கட அண்ணா எப்பிடி? சந்தோசமா ஓடித் திரிஞ்சவரோ? எனக்குத் தெரிய அவர் எந்த நாளும் களைச்சுப்போய்த்தான் இருந்தவர்." எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அண்ணி சீனிப் போத்தலை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ரோவிலுக்குப் போகிறேன். அபியின் கொப்பியும் என்னிடம் இருக்கிறது. ஒரு வழியும் விடாமல், ஒரு சந்தும் விடாமல் சொல்லப்போகிறேன். நனைந்த சேர்ட்டோடு, வேர்க்க விறுவிறுக்க, தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு நடக்கிற இருபத்துநாலு வயதுப் பொடியனை, அவனைக் கட்டிக்கொண்டவள் ஒருநாளாவது பார்க்க வேண்டும். பார்க்க வைக்கிறேன், அண்ணா. சத்தியம்.

உன்னோடு கோபம் தீர்ந்த,
உன் தங்கச்சி
சாந்தி