ஒரே பெயரில் இரண்டு தொகுதிகள்

இன்று காலை, அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளர் தன் திரையைக் காட்டி, “மேடம், ஒரே ஃபோல்டர்ல ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் எப்படி இருக்கும்?” என்று கேட்டாள். ‘தொகுதி’ என்ற பெயர், எழுத்துப் பிசகாமல், ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முறை இருந்தது. பதில் எனக்குத் தெரியும். உன் ஞாபகம் வந்துவிட்டது.

தில்லியில், பள்ளிப் புத்தகங்கள் தயாரிக்கும் அந்தப் பழைய அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே சமயத்தில் சேர்ந்தோம். எனக்கு முனிர்காவில் வாடகை அறை. நீ மயூர் விஹாரிலிருந்து மெட்ரோவில் வருவாய், எனக்கும் சேர்த்து டிபன் கொண்டுவருவாய். எல்லோரும் ஃபைல்களை வைக்கும் பொதுச் சர்வர் நம் பொறுப்பில் இருந்தது. சர்வர் ஓடியது லினக்ஸில். தட்டச்சு செய்பவர்களிடம் விண்டோஸ், பக்கம் அமைப்பவர்களிடம் மேக். ஒருவர் சேமித்தது இன்னொருவருக்குத் திறக்காது. காலையில் நாற்காலியில் உட்காருமுன்பே யாராவது சண்டைக்கு நிற்பார்கள்.

தமிழ்ப் பெயர்களில்தான் தொல்லை அதிகம். ‘தொ’ என்பதன் கொம்பையும் காலையும் விண்டோஸ் ஒரே குறியாகச் சேர்த்து வைக்கும். நம்மிடம் இருந்த மேக்குகள் இரண்டாகப் பிரித்து வைத்தன. பார்க்கிற கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. சர்வருக்கோ அவை இரண்டு வேறு ஃபைல்கள். இதைக் கண்டுபிடித்தவள் நீதான். “ஏட்டி, பேரு ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணாயிருமா? ரெண்டையும் திறந்து பாக்காம ஒண்ணையும் அழிக்கப்பிடாது” என்று உன் திருநெல்வேலித் தமிழில் சொன்னாய். அதுவே நம் இருவருக்கும் சட்டமாயிற்று.

சர்வரின் நிர்வாகக் கணக்கு ஒன்றுதான்; நாம் இருவரும் ஒரே கடவுச்சொல்லால் அதில் நுழைவோம். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். “நமக்குள்ள என்னட்டி தனித்தனியா?” என்று சிரித்தாய். எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை தமிழ்ப் பிரிவினர் ஃபைல்களைத் திறந்தபோது பழைய, திருத்தாத பக்கங்கள் வந்தன. மாதக்கணக்கில் அவர்கள் செய்த திருத்தங்கள் எல்லாம் மேக்கில் சேமித்த ஃபைல்களில் இருந்தவை. அவற்றில் ஒன்றுகூட இல்லை. பேக்கப் டிஸ்க்கும் சர்வரைப் பார்த்து, அங்கே இல்லாததைத் தன்னிடமிருந்தும் அழித்திருந்தது. நீ என்னைத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். “நான்தாம்ட்டி. வெள்ளிக்கிழமை பாப்பாக்கு ஸ்கூல்ல டான்ஸ். அவசரத்துல டூப்ளிகேட்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். சார்ட்ட நானே சொல்லிருதேன், நீ ஒண்ணும் பேசாத.”

நான் பேசவில்லை. இயக்குநர் தன் அறைக்கு இருவரையும் அழைத்து, வெள்ளிக்கிழமை சர்வரில் வேலை செய்தது யார் என்று இந்தியில் கேட்டார். நீ மேசையைப் பார்த்துக்கொண்டு, பதற்றத்தில் தமிழிலேயே சொன்னாய்: “டூப்ளிகேட் கிளியர் பண்றது அவதான் சார் பாத்துக்கிட்டா.” தமிழ் தெரியாத அந்த மனிதருக்காக அதையே இந்தியிலும் நிதானமாகச் சொன்னாய். முதல் முறை வாய் தவறி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் முறையை என்னவென்று சொல்ல?

“நஹீ சர்” என்று மறுத்தேன். சர்வரின் பதிவில் இருந்ததோ இருவருக்கும் பொதுவான அந்த ஒரே கணக்கு; யாரென்று அது சொல்லாது. அவர் உன்னைப் பார்த்தார், நீ நிமிரவில்லை. அடுத்த வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அவர் சொல்லி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து, “ஏன்?” என்று கேட்டதற்கு, “உனக்குக் குடும்பம் இல்லல்லா, வேற வேலை கிடைச்சுரும்” என்றாய். பிறகு என் போனை நீ எடுக்கவே இல்லை.

வேலை கிடைத்தது, நீ சொன்னபடியே. ஆனால் ஃபைல்களைத் தொலைத்தவள் என்ற பேச்சு என்னோடு இரண்டு அலுவலகங்களுக்கு வந்தது.

போன குளிர்காலத்தில் நீ இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு உன் வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்காக ஏதாவது சொல்லிவிட்டுப் போயிருப்பாய் என்ற நப்பாசையும் இருந்தது. உன் மகள் வளர்ந்துவிட்டாள். என் பெயரைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த ஒரு நிமிடம், உன் வீட்டில் எல்லோருக்கும் உண்மை தெரிந்திருக்கிறது என்று நம்பினேன்.

அவளுக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: “ஆன்ட்டி, மம்மி உங்கள பத்தி நிறைய சொல்லுவாங்க. அந்த ஃபைல் டெலீட் ஆனது... யாருக்கும் மிஸ்டேக் ஆகும்தானே. நீங்க கில்ட்டியா ஃபீல் பண்ணாதீங்க. மம்மி உங்க மேல நாராஸ் இல்ல, கோவமே இல்ல. சச்சி, நிஜமா.”

பெற்றவளைப் பறிகொடுத்திருந்த பெண்ணிடம் என்ன சொல்வது? சரி என்பதுபோல் “அச்சா மா” என்றேன். அவள் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

உன்மேல் இருந்த கோபம் இப்போது பாதிகூட இல்லை; அதோடு என்னால் வாழ்ந்துவிட முடியும். நான் செய்யாத தவறுக்கு உன் மகள் கொடுத்த மன்னிப்புதான் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றால், உண்மையைச் சொல்லி, அவள் மனதில் இருக்கும் அம்மாவை அவளிடமிருந்து பறிக்க வேண்டும். எனக்கு அது முடியாது. முடியாது என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்கும்.