விருந்தாளிக்காக ஒழித்த குடோன்

அருமை மருமகள் ஷர்மினுக்கு உத்தமபாளையத்திலிருந்து ஷரீப் மாமு சலாம் சொல்லி எழுதுவது. இங்கே உன் அம்மா, மாமி, நான் எல்லோரும் அல்லாஹ் கிருபையில் சுகம், என் ரத்தக் கொதிப்பைத் தவிர. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அதனால் எழுதுகிறேன், மாமி இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொல்லிவிட்டேன் ஷர்மின். குப்பைச் சங்கத்துக்கு ஹக்கீமைச் செயலாளராகப் போட்ட அன்றைக்கே, ஜில்லா முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். எட்டாவது படித்த என் பேச்சு யாருக்கு வேண்டும்?

உன் ஹாலந்து கம்பெனி, கடலுக்குக் குப்பை போகாமல் தடுக்கிற ஊர்களுக்கு முதல் போடுகிறது, நம்ம ஊரையும் சேர்க்கச் சொல்லி நீ மேலதிகாரிகளிடம் வாக்குக் கொடுத்தாய். அதை நம்பித்தான் வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக் குடோன் பிடித்தோம். அய்யம்மாளும் அவள் கூட்டாளிப் பெண்களும் தோப்புத் தோப்பாக நுழைந்து, வாழைத்தாருக்குப் போர்த்திய கவர், கிழிந்த சொட்டுநீர்க் குழாய், உரச்சாக்கு என்று வெயிலில் பொறுக்கிச் சேர்த்தார்கள். குவியல் கூரையை முட்டியது, சுருளி மலையில் நின்று பார்த்தாலே தெரியும். வருகிற வியாழக்கிழமை உன் கம்பெனி ஆட்கள் வந்து அந்தக் குவியலைக் கண்ணால் பார்த்தால்தான் பிளாஸ்டிக்கை அரைக்கிற மெஷினுக்குப் பணம் இறங்கும் என்று நீ எழுதியிருந்தாய். இந்த ஹக்கீம் என்ன செய்தான் தெரியுமா? விருந்தாளி வருகிறார்கள் என்று, பெருநாளைக்கு வீட்டை ஒழிக்கிற மாதிரி குடோனை ஒழித்துவிட்டான்! அத்தனையையும் தவசியின் டிராக்டரில் ஏற்றி ஆற்றில் கொட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறான். சுவருக்கு வெள்ளையடித்து, பினாயில் தெளித்து, வாசலில் வாழைமரம் கட்டி, மேலே கடலைக் காப்போம் என்று ஒரு பிளக்ஸ் வேறு. அந்த பிளக்ஸும் பிளாஸ்டிக்தான். போய்ச் சட்டையைப் பிடித்தேன். "ஏண்ணே கத்துறீக, குப்பையக் காட்டவா வெளிநாட்டு ஆளுகளக் கூப்பிட்டோம், ஊரு மானம் போயிராதா" என்கிறான். "ஏலே, குப்பையப் பாக்கத்தான்டா அவக பிளேன் ஏறி வாராக" என்றேன். அய்யம்மாள் விடவில்லை. "இடுப்பொடியப் பொறுக்குனது உனக்கு அசிங்கமாப் போச்சா, இந்த வெள்ளச் செவத்த அரைச்சுக் காட்டு, மெஷின் தருவாக" என்று கேட்டாள்.

நான் சும்மா விடுவேனா? பைக்கை முறுக்கி, பாலத்தடியில் டிராக்டருக்குக் குறுக்கே மலை மாதிரி நின்றேன். தவசி பிரேக் போட்ட சத்தம் தேவாரம் ஊருக்கே கேட்டிருக்கும். "முடிஞ்சா என்னைய ஏத்திட்டுப் போடா" என்றேன். வண்டியைத் திருப்பினான். பாதிக் குப்பை தப்பித்து நம்ம திராட்சைத் தோட்டத்தில் கிடக்கிறது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு ஆத்தா, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே. வெள்ளிக்கிழமை தவறாமல் உன் அம்மாவிடம் பேசு. உன் அத்தா மௌத்தாகிப் போன பிறகு தோளில் தூக்கி வளர்த்தவன் கேட்கிற துஆ வீண் போகாது, அல்லாஹ் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைப்பான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று. டிராக்டர் திரும்பியது மட்டும் நானாகச் சேர்த்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தவசி காலி வண்டியோடு எதிரில் வந்தான். கவரெல்லாம் வைகை அணைப் பக்கம் வெள்ளை வெள்ளையாக மிதந்து போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தில் ஒரு சாக்குகூட இல்லை. பாதி இருக்கிறது என்று யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதே. உள்ளதைச் சொல். அதற்குப் பிறகும் உன் கம்பெனி ஆட்கள் வருவார்களானால் குடோன் பக்கமே கூட்டிப்போக மாட்டேன், நேராக ஆற்றங்கரைக்குத்தான்.

உன் மாமு,
ஷரீப்