நீ எழுதாமல் விட்ட தாள்

மச்சான்,

உன் வருமான வரிப் புத்தகத்தைப் பிரித்தால் இன்னும் மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய் நாற்றம் அடிக்கிறது. மெஷினை விட்டு நேராக வந்து, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் புரட்டுவாயே, அதே நாற்றம். போன மாதம் பென்னலூரிலிருந்து உன் மனைவி கம்பெனி கொடுத்த உன் சம்பள வரிச் சான்றிதழ், அந்த ஃபார்ம் பதினாறோடு இதையும் கொண்டுவந்து கொடுத்தாள். "அவரு கணக்கை நீங்கதான் போட்டுத் தரணும்ணா" என்றாள்.

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில்தானே நாம் தபால் வழி பி.காம். படித்தோம். ஷிப்ட் முடிந்த அசதியில் மற்றவர்கள் தூங்க, நீ சத்தமாகப் படித்து என் உயிரை வாங்குவாய். இறந்தவருடைய வரிக் கணக்கை வாரிசு தாக்கல் செய்ய வேண்டும் என்ற பாடம் வந்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"செத்தவனையும் வுட மாட்டானுங்களா? இன்னாடா சட்டம் இது?"

நீ சிரிக்கவில்லை. "செத்ததுக்கு இல்லடா. அந்த வருஷத்துல எத்தினி நாள் உசுரோட இருந்தானோ, அதுக்கு. அந்த நாளெல்லாம் இல்லன்னு ஆயிடுமா?" என்றாய்.

வரித்தாள் தேர்வன்று நம் லைனில் ஒருவருக்குத்தான் லீவு என்றுவிட்டார் சூப்பர்வைசர். "நீ போய் எழுது. எனக்கு அடுத்த தபா கீது" என்று சொல்லிவிட்டு நீ ஷிப்டுக்கு ஷூ மாட்டப் போனாய். நான் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. நான் தேறினேன். அடுத்த தேர்வு வருவதற்குள், மூன்றே நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். அந்த லீவை வாங்கிக்கொண்டதற்கு என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்று உன் கணக்கைத் தாக்கல் செய்தேன். உன் ஓவர்டைம் சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரி திரும்பி வரும். பாப்பாவின் பள்ளிக் கட்டணத்துக்கு உன் மனைவி அதைத்தான் நம்பியிருக்கிறாள். அவளை வாரிசாகப் பதிந்து, உன் இறப்புச் சான்றிதழை ஏற்றினேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நீ இருந்த கடைசி நாள் வரைக்கும் சம்பளத்தை மூன்று முறை சரிபார்த்தேன்.

எல்லாம் முடிந்ததும் அவள் கேட்டாள்: "அடுத்த வருஷமும் அவரு பேர்ல நாமதான் போடணுமாண்ணா?"

எனக்குப் பதில் தெரியும். உசுரோடு இருந்த நாளுக்குத்தான் கணக்கு; அடுத்த வருஷத்தில் உனக்கு ஒரு நாளும் இல்லை. தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் "அப்போ பாத்துக்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தெரிந்த பதிலை யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டு திரிகிறேன், மச்சான்.