நீல ஷீட்டில் ஒரு கை

அன்புள்ள மாமாவுக்கு,

அருள்மொழி எழுதுவது. நீங்களும் நம் பாப்பாவும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நான் இங்கே நன்றாக இருக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்பீர்கள். இதனுள் இருக்கும் பிளாஸ்டிக் துண்டைப் போனில் அனுப்ப முடியாதே!

எங்கள் கம்பெனியில் ஜூஸ் பாட்டிலுக்குச் சுற்றுகிற ஷீட் இது. சில்லென்று இருந்தால் நீலமாகும், சூடு பட்டால் வெளுத்துவிடும். சூரத் வெயிலில் தானாக நீலமாகாது. குளிர் அறைக்குள் கொண்டுபோய்த்தான் சோதிப்போம்.

போன வாரம் உள்ளே போனவள், நம் வளப்பூர் மலையின் விடியற்காலை போலவே இருக்கிறதே என்று நின்றுவிட்டேன். பாப்பா எழுந்ததும் சில்லிட்ட கையை என் கழுத்தில் வைத்துச் சிரிப்பாளே, அது ஞாபகம் வந்தது. என்னை அறியாமல் ஷீட்டில் கையை ஊன்றியிருக்கிறேன். நீலத்தின் நடுவே ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்துவிட்டன. சூப்பர்வைசர் நந்தகுமார் நம் சேலத்துக்காரர். "ஏனுங்க, உள்ளயே குடியிருக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். வேறொன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

இதை வாசல் கதவில் ஒட்டுங்கள். மார்கழிக் காலையில் தானாக நீலமாகும். அப்போது பாப்பாவைக் கை வைக்கச் சொல்லுங்கள். கை சில்லென்று இருந்தால் பதியாது. முதலில் அடுப்போரம் உட்கார வைத்துக் குளிர்காய விடுங்கள். பதிந்தது சீக்கிரம் மறைந்துவிடும், அதற்குள் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன். பாப்பா கை அளவை நினைவில் வைத்துத்தான் இதை வெட்டினேன். விரல் வெளியே போனால் சொல்லுங்கள், பெரிதாக வெட்டி அனுப்புகிறேன்.

உங்கள்
அருள்மொழி