கட்டிய கை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா?

இங்கே ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். என் வார்டில் ஒரு வயதான டீச்சர், மூக்கில் போட்ட குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். "போதும்மா, என்னை விட்டுடுங்க" என்பார். அவர் மகன் கேட்கவில்லை. கையைக் கட்டிலோடு கட்டச் சொன்னார் டாக்டர். என்னோடு தங்கியிருக்கும் சுருட்டைமுடி நர்ஸ், "என்னால முடியாது சார்" என்று நேராகச் சொல்லிவிட்டாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நான் கட்டுத்துணியை எடுத்தேன். கட்டினேன்.

அதிலிருந்து டீச்சர் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவளிடம் மட்டும் சிரிக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது, அம்மா. அறைக்கு வந்தால் அவள் படுத்ததும் தூங்கிவிடுகிறாள். நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன்.

இன்று காலை கட்டை அவிழ்த்துவிட்டேன். டாக்டர் முறைத்தார். "நான் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சுக்கறேன் சார், கட்ட வேணாம்" என்றேன். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். டீச்சரும் என் கையை உதறவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அந்தச் சுருட்டைமுடிப் பொண்ணு எப்ப வரும்?"

இங்கே தரும் போர்வை குளிர் தாங்கவில்லை. உங்கள் பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதும் அந்தச் சுருட்டைமுடிக்காரிதான்.

உங்கள் மகள்